மாயக்காளின் பச்சைக்கல்

1959, சித்திரை பன்னிரண்டு. மாயக்காள் களிமண் அப்பிய கையை இடுப்பில் ஊன்றிக்கொண்டு, சிறுமலைக்கு மேல் எழும்பும் மேகத்தைத் திட்டிக்கொண்டிருக்கிறாள். "வந்தா வா, இல்லாட்டி ஒழி. எட்டி எட்டிப் பாத்துட்டு நிக்கிறது என்ன பழக்கம்?" மேகத்தைத் திட்டி முடித்த பிறகுதான் அவளுக்கு மதியக் கஞ்சி இறங்கும்.

சின்னாளப்பட்டிக்குத் தெற்கே, வற்றிய கண்மாயில் மண்ணெடுத்துச் செங்கல் அறுப்பது அவள் தொழில். அறுத்த பச்சைக்கல் வெயிலில் நன்றாகக் காய்ந்து, காளவாசலில் வெந்தால்தான் செங்கல். நடுவில் மழை பெய்தால் வெறும் சேறு. போன வருஷம் அத்தனையும் கரைந்து கண்மாய்க்கே திரும்பிப் போனது. ஆடி வரை வீட்டில் கூழ்தான். அதற்கு முந்தின வருஷமும் அதே கதை.

இரண்டு தடவை நடந்தது ஊருக்குப் போதும். மாயக்காள் கல்லறுத்தால் மழை என்று முடிவு கட்டிவிட்டார்கள். அவள் செங்கல் அச்சைக் கழுவுவதைப் பார்த்தாலே கலப்பையைத் தட்டிச் சரி செய்கிறார்கள். "வெதைய வெளிய எடுக்கலாமாக்கா?" என்று வழியில் மறித்துக் கேட்கிறார்கள்.

"என் வயித்தெரிச்சல்ல வெளயிறதத் தின்னா ஒங்களுக்குச் செமிக்குமாலே?"

இந்த வருஷம் அச்சையே தொடுவதில்லை, செம்பட்டிச் சந்தையில் காய் விற்கலாம் என்றிருந்தாள். மானாவாரிக்காரன் கண்ணுசாமி வந்து கெஞ்சினான். கிணற்றுச் சுவர் சரிந்துவிட்டதாம். அவள் கல்தான் நிற்குமாம். மனசு கேட்காமல் அறுத்துப் பரப்பினாள். அவனும் தினம் வந்து பார்த்தான். பார்த்தது கல்லை அல்ல, வானத்தை. அது அவளுக்கு உறுத்திக்கொண்டே இருந்தது.

நேற்று அவன் பெண்டாட்டி பழனியம்மாள் கண்மாய்க்குள் சாணி பொறுக்க வந்தாள். "ஒங்க கெணறு எம்புட்டு அகலம்டி?" என்று மாயக்காள் கேட்டாள்.

"எங்க காட்டுல ஏது மதினி கெணறு? இருந்தா இந்த மனுசன் எதுக்கு மழைக்குக் கெடந்து சாகுறாரு?"

இன்று மேகம் கறுத்ததும் மாயக்காள் நேரே கண்ணுசாமி வீட்டு வாசலில் போய் நின்றாள். "ஏலே, கெணத்துக்காரா, மாட்டுக் கொட்டகையப் பிரி."

புருஷனும் பெண்டாட்டியுமாகக் கூரைக் கீற்றைச் சுமந்து வந்து கல்லை மூடினார்கள். கடைசிக் கீற்றைப் போடவும் காற்று திரும்பியது. மேகம் நத்தம் பக்கமாக நகர ஆரம்பித்தது.

கண்ணுசாமி அது போவதையே பார்த்துக்கொண்டிருந்தான். விதைச்சோளம் இன்னும் பானையில் இருக்கிறது. இந்தக் கோடை மழையும் தவறினால் அதையும் வறுத்துத் தின்ன வேண்டியதுதான்.

"மூடிட்டோம்ல, அதான் போகுது" என்றான் மெதுவாக. "ஒரு வரிசைய மட்டும் தெறந்து வையிக்கா. ஓரத்து வரிசை போதும். செத்த நேரம்."

மாயக்காள் ஓரத்துக் கீற்றின் நுனியை மிதித்தபடி தரையில் உட்கார்ந்தாள். சுருக்குப் பையை அவிழ்த்து, இருந்த ஒற்றை வெற்றிலையைக் கிழித்துப் பாதியை அவனிடம் நீட்டினாள். காலை எடுக்கவில்லை.

வருகிற வியாழக்கிழமை காளவாசலுக்குத் தீ மூட்டுகிறாள்.