சித்த வலிதானுங்க!

போன வாரம் இந்த இடத்தில் என்னைக் காணோமே என்று சிலர் கேட்டிருந்தீர்கள். எழுதத்தான் உட்கார்ந்தேன். தலைப்புகூட வைத்தாயிற்று. அப்போதுதான் வீட்டுக்காரர் கடையிலிருந்து வந்து, செருப்பைக்கூடக் கழற்றாமல் சோபாவில் ஒருக்களித்துப் படுத்தார்.

"ஏனுங்க, என்னாச்சுங்க?"

"ஒன்னுமில்ல அம்மிணி. வயிறு சித்த வலிக்குது."

வெளியூர் வாசகர்களுக்காக ஒரு விளக்கம். எங்கள் பக்கத்தில் 'சித்த' என்றால் 'கொஞ்சம்'. சித்த உட்காருங்க, சித்த தள்ளிக்குங்க, சித்த தண்ணி குடுங்க... எதையும் கொஞ்சமாகத்தான் கேட்போம். வலியைச் சொல்வதிலும் அதே மரியாதை!

ஆனால், செருப்போடு வீட்டுக்குள் வருகிற மனுஷன் இல்லை அவர். எனக்கு அதுதான் பகீரென்றது.

அன்னூரிலிருந்து கோவைக்கு வாடகைக் காரில் கிளம்பினோம். வழியெல்லாம் ஸ்பீடு பிரேக்கர். ஒவ்வொன்றிலும் அவர் வயிற்றின் வலது பக்கத்தைப் பிடித்துக்கொண்டு பல்லைக் கடித்தார். டிரைவர் திரும்பிப் பார்த்தால் மட்டும், "ஒன்னுமில்லீங்க, நீங்க பாத்துப் போங்க" என்று ஒரு சிரிப்பு.

ஆஸ்பத்திரியில் டாக்டர் ஓர் இளம்பெண். திருநெல்வேலிப் பக்கமாம்.

"வலி எப்படி இருக்கு சார்?"

"சித்தங்க."

"சித்த மருந்தா? என்ன சாப்பிட்டீங்க?"

"மருந்தில்லீங்க. வலிதான் சித்தங்க."

நர்ஸ் சிரிப்பை அடக்கிக்கொண்டு மொழிபெயர்த்தார்.

"சரி, பத்துக்கு எத்தனைன்னு சொல்லுங்க. பத்துன்னா தாங்கவே முடியாத வலி."

"ஒரு ரெண்டு போட்டுக்கோங்க."

டாக்டர் வயிற்றின் வலது பக்கம் கீழே அழுத்திவிட்டு, கையைச் சட்டென்று எடுத்தார். இவர் கட்டில் கம்பியை இறுகப் பிடித்தார்.

"இப்ப?"

"மூணுங்க."

எப்போது ஆரம்பித்தது என்று கேட்டதற்கு, "காத்தாலங்க" என்றார். எனக்குத் தெரியும், அது நிஜமில்லை. ஆனால் பேச வேண்டுமே! பக்கம் பக்கமாக எழுதுகிற எனக்கு, நாலு பேர் முன்னால் தொண்டை அடைத்துக்கொள்ளும். பள்ளிக்கூடத்தோடு நின்றுபோன படிப்பு. டாக்டர்கள் முன்னால் இன்னும் கூச்சம். தரையைப் பார்த்துக்கொண்டே, "நேத்து மத்தியானமே சோத்தைப் பாதியில வெச்சுப்போட்டாருங்க" என்றேன். வீட்டுக்காரர் என்னை ஒரு பார்வை பார்த்தார்.

ரத்தம் எடுத்தார்கள். ஸ்கேன் எடுத்தார்கள். பிறகு காத்திருப்பு... நாற்காலியில் உட்கார முடியவில்லை. எழுந்தால் நிற்க முடியவில்லை. லேப் கதவு திறக்கும்போதெல்லாம் எழுந்தேன். எந்தக் காகிதமும் எங்களுடையது இல்லை.

கடைசியில் டாக்டரே வந்தார். "குடல்வால் வீக்கம்னு சந்தேகம். ஸ்கேன்ல வாயு மறைக்குது, தெளிவாத் தெரியல. ரத்தத்துல வெள்ளை அணு கூடியிருக்கு. உள்ளே எங்கேயோ சண்டை நடக்குதுன்னு அர்த்தம். எங்கேன்னு அது சொல்லாது. சி.ஆர்.பி.ன்னு இன்னொரு டெஸ்ட் கொஞ்சம்தான் ஏறியிருக்கு. அது..." என்று நிறுத்தி, "சித்த லேட்டாத்தான் ஏறும். சாயங்காலம் மறுபடி பார்ப்போம்" என்றார். அதற்குள் கற்றுக்கொண்டுவிட்டார்!

மத்தியானம் திடீரென்று எழுந்து உட்கார்ந்தார் வீட்டுக்காரர். முகத்தில் ஒரு தெளிவு.

"அம்மிணி, வலி போயிருச்சு. கெளம்பு. கடையில மோட்டாரு நிக்குது, தோட்டத்துக்காரங்க தண்ணியில்லாம கத்துவாங்க."

எனக்கோ நம்பிக்கை வரவில்லை. டாக்டரைக் கூப்பிட்டேன்.

"சார், வலி குறைஞ்சதும் சந்தோஷப்பட முடியாது. குடல்வால் வெடிச்சாலும் கொஞ்ச நேரம் வலி அடங்கும். ரத்தத்தை இன்னொரு தடவை பார்த்துடுவோம்."

"நானே சொல்றனுங்களே, வலியில்லீங்க. மறுக்கா எதுக்குங்க ஊசி? உங்களுக்குத்தான் வீண் சிரமம்."

சிரமமாம்! நர்ஸுக்கு ஒரு கும்பிடு, பக்கத்துக் கட்டில்காரருக்கு ஒரு கும்பிடு. கால், கட்டிலுக்கடியில் செருப்பைத் தேடியது. டாக்டர் என்னைப் பார்த்தார். கையைக் காலைக் கட்டியா போட முடியும்?

எங்களுக்கு மோட்டார் காயில் கட்டும் கடை. பழுதான மோட்டார்களைக் கொண்டுவருகிறவர்கள், "நேத்து வரைக்கும் நல்லாத்தானுங்க ஓடுச்சு" என்பார்கள். இவர் காதிலேயே வாங்க மாட்டார். "சத்தத்தைக் கேட்டு ஏமாறாதீங்க, ஆம்ஸ் பாருங்க" என்று, மோட்டார் எவ்வளவு கரண்ட் இழுக்கிறது என்று காட்டும் மீட்டரை மாட்டுவார். கல்யாணமான நாளிலிருந்து நான் கேட்கிற மந்திரம் இது.

"ஏனுங்க..." என்றேன். எல்லோரும் திரும்பிப் பார்த்தார்கள். விடவில்லை. "மோட்டாரு நல்லா ஓடுதுன்னு ஒருத்தர் சொன்னா, நீங்க என்ன பண்ணுவீங்க?"

"மீட்டர் போடுவேன்."

"அப்பக் கையை நீட்டுங்க."

வார்டே சிரித்துவிட்டது. அவர் முறைத்தார்... ஆனால் நீட்டினார்.

இரண்டாவது ரிசல்ட் வந்தது. வெள்ளை அணு இன்னும் ஏறியிருந்தது. சி.ஆர்.பி. எங்கேயோ உயரத்துக்குப் போய்விட்டது. பிலிருபினும் சற்றுக் கூடுதல்.

"அது மஞ்சக் காமாலை டெஸ்ட்டுங்களே?" என்றேன். ஒரு தடவை திறந்த தொண்டை!

"குடல்வால்ல ஓட்டை விழுந்தாலும் அது ஏறலாம்மா. ஆனா ரத்தத்தை மட்டும் வச்சு முடிவு பண்ண மாட்டோம். சி.டி. ஸ்கேன் பார்த்துடலாம்."

சி.டி. சந்தேகத்தைத் தீர்த்தது. பொழுது சாயும்போது ஆபரேஷன். கதவுக்கு வெளியே நான் எத்தனை நடை நடந்தேன் என்பது அந்தத் தரைக்குத்தான் தெரியும். சர்ஜன் வெளியே வந்தார். "வெடிச்சு, சீழ் கசிய ஆரம்பிச்சிருந்தது. சுத்தம் பண்ணிட்டோம். வீட்டுக்குப் போயிருந்தா வயிறு பூரா பரவியிருக்கும்."

அங்கேயே உட்கார்ந்துவிட்டேன்.

யோசித்துப் பார்க்கிறேன். நாம் ஏன் வலியைக்கூட இப்படிச் சுருக்கிச் சொல்கிறோம்? டாக்டருக்குச் சிரமம், கார்க்காரருக்குச் சிரமம், வீட்டுக்காரி பயப்படுவாள்... வலிக்கிறவனைத் தவிர எல்லோரையும் நினைக்கிறோம். ரத்தத்துக்கு இந்த மரியாதையெல்லாம் தெரியாது. ஆனால் அதுவும் முதல் தடவையே எல்லாவற்றையும் சொல்லிவிடவில்லை. இரண்டாம் தடவை கேட்க வேண்டியிருந்தது. கேட்கவும், அதுவரை பொறுக்கவும் ஆள் வேண்டியிருந்தது.

மறுநாள் காலை டாக்டர் வந்து, "வலி எப்படி இருக்கு சார்?" என்றார். வீட்டுக்காரர் என்னைப் பார்த்தார். அப்புறம் டாக்டரைப் பார்த்தார்.

"நல்லாவே வலிக்குதுங்க. ஏழு போட்டுக்கோங்க."

'சித்த' ஒழிந்தது... 'ங்க' மட்டும் ஆபரேஷனுக்கும் மசியவில்லை!