மண்வெட்டிக் கீறல்

தமிழ்நாட்டில் முப்பத்தோரு ஆண்டுகள் அகழாய்வு செய்தவன் நான். இப்போது கலிபோர்னியாவில், சான் ரமோனில் மகள் வீட்டில் இருக்கிறேன். இங்கே அடுத்த வீட்டுப் பெண்ணிடம் நான் ஒரு பொய் சொன்னேன்.

அவள் அமெரிக்காவிலேயே பிறந்தவள். எரிமலைச் சாம்பலில் புதைந்த ரோமானிய நகரமான பாம்பேயில், ஒரே ஒரு பேட்டையை எடுத்துக்கொண்டு முனைவர் பட்டத்துக்கு ஆராய்ந்துகொண்டிருந்தாள். இரண்டு தெருக்கள் சேரும் மூலை, அதில் ஒரு சாப்பாட்டுக்கடை, ஒரு சலவைக்கூடம், சில வீடுகள். மூன்று கோடைகள் அங்கே போய்வந்தாள்.

“ரோம்காரன் தெருவெல்லாம் இவளுக்கு அத்துப்படிங்க சார். பக்கத்து ஊரு டப்ளின்ல இந்தியன் ஸ்டோர் எங்கனு கேளுங்க, முழிப்பா” என்று ஈரோட்டுக்காரியான அவள் அம்மா சிரிப்பார். நானும் சிரிப்பேன். வயிறு எரியும்.

நொய்யல் கரையில் குழிக்குள் உட்கார்ந்து, ரோமிலிருந்து வந்த மதுச்சாடிகளின் துண்டுகளைப் பல் துலக்கும் பிரஷ்ஷால் தேய்த்துக் கழுவியவன் நான். சாடி புறப்பட்ட ஊரை ஒருமுறை பார்த்துவிட வேண்டும் என்று இருந்தது. இத்தாலி போக இருமுறை விண்ணப்பித்தேன். இருமுறையும் கோப்பு மேலதிகாரியின் மேசையைத் தாண்டவில்லை. அவளோ இத்தாலியில் கொசு அதிகம் என்று அலுத்துக்கொண்டாள். அந்தக் கொசுக்கடிகூட எனக்கு வாய்க்கவில்லையே என்று நினைத்தேன்.

ஒரு ஞாயிற்றுக்கிழமை லேப்டாப்போடு வந்தாள்.

“அங்கிள், இதக் கொஞ்சம் பாருங்க. அந்தச் சாப்பாட்டுக்கடைக்குப் பின்னாடி கிடைச்சது. இட்ஸ் நாட் லோக்கல், ஐ திங்க். உங்க ஊர் பானை மாதிரி இருக்கா?”

திரையில் உள்ளங்கை அகலத்தில் ஒரு பானை ஓடு. உள்ளே கருப்பு, வெளியே சிவப்பு. மேலே ஏணி போல ஒரு கீறல் குறி. எங்கள் குழிகளில் இதே குறியை எத்தனையோ ஓடுகளில் பார்த்திருக்கிறேன். நம் பக்கத்து ஆள் யாரோ தன் பானையோடு அந்தத் தெருமூலை வரை போயிருக்கிறார். என் வாழ்நாள் முழுக்கத் தேடியது, இவளுக்கு மூன்று கோடையில் கிடைத்திருக்கிறது.

“இதுவா குறி? தோண்டறப்போ மண்வெட்டி பட்டிருக்கும்மா. பானையும் அந்த ஊர்ப் பானைதான்” என்றேன்.

மண்வெட்டி பட்ட கீறல் புதிது, உள்ளே வெளுத்துச் சுத்தமாக இருக்கும். பழைய கீறலுக்குள் மண் இறுகியிருக்கும். குழிக்கு வரும் புது ஆட்களுக்கு முதல் வாரத்திலேயே சொல்லித்தருவோம். படத்தில் கீறல் முழுக்க மண் இறுகியிருந்தது.

“ஆர் யூ ஷ்யூர், அங்கிள்?”

“முப்பத்தோரு வருஷம் பாத்தவன்மா நான்.”

அந்தப் பானை ஓட்டைப் பற்றி எழுதியிருந்த பக்கங்களை என் எதிரிலேயே அழித்தாள். அன்று மதியச் சாப்பாடு எனக்கு ருசித்தது. அதைச் சொல்லத்தான் இன்று கூசுகிறது.

மறு வருடம் ஆய்வேடு அச்சாகி வந்தது. அவள் அம்மா கேசரியோடு ஒரு பிரதி கொண்டுவந்து தந்தார். நன்றியுரையில் என் பெயர். பெரிய தவறு ஒன்றிலிருந்து தன்னைக் காப்பாற்றியவர் என்று எழுதியிருந்தாள். முழுவதும் படித்தேன். சலவைக்காரர், சமையல்காரர், அடிமைப் பெண் என்று பேட்டையே நடமாடியது. பானைக்காரர் மட்டும் இல்லை.

டெக்சாஸில் வேலை கிடைத்து அவள் பெட்டி கட்டிக்கொண்டிருந்த நாளில் போய்ச் சொன்னேன். “அது பழைய கீறல்தான். எனக்கு அன்னிக்கே தெரியும்.”

அவள் கையிலிருந்த புத்தகத்தைக் கீழே வைத்தாள். “நானும் பாத்தேன் அங்கிள், ஜூம் பண்ணி. உள்ள மண்ணு இருந்துது. நீங்க சொன்னதும் ஐ தாட் என் கண்ணுதான் தப்புன்னு.”

“ஏனுங்க சார் அப்படிச் சொன்னீங்க?” என்றார் அவள் அம்மா.

“பொறாமைம்மா.”

யாரும் திட்டவில்லை. அவள் லேப்டாப்பைத் திறந்து என் பக்கம் திருப்பினாள். “எழுதிக் குடுங்க. சாரியெல்லாம் வேண்டாம். இந்தக் குறிய எந்தெந்தக் குழியில பாத்தீங்க, அது மட்டும். தனி ஆர்ட்டிகிளா போடறேன்.”

நினைவிலிருந்த எல்லாவற்றையும் எழுதினேன். முடித்துவிட்டு, நன்றியுரையிலிருந்து என் பெயரை எடுத்துவிட முடியுமா என்று கேட்டேன்.

“அது பிரிண்ட் ஆயிடுச்சு, அங்கிள்” என்றாள்.

அந்தப் பிரதி எங்கள் வரவேற்பறை அலமாரியில் இருக்கிறது. வீட்டுக்கு யார் வந்தாலும் என் மகள் அந்தப் பக்கத்தைத் திறந்து காட்டுகிறாள். அவளுக்கு இன்னும் நான் சொல்லவில்லை.