அம்மாவின் கிடாவும் செல்லாயி பெரியம்மாவின் பெயரும்

அம்மா இல்லாமல் ஒரு வருடம் ஓடிவிட்டது. இன்று இந்த நினைவு மலரைக் கையில் வாங்கும் உறவினர்களும் தோட்டத்து நண்பர்களுமான நீங்கள் அம்மாவின் பெருமையைத்தான் படிக்க எதிர்பார்ப்பீர்கள். எனக்கு அதை மட்டும் எழுத மனம் வரவில்லை, மன்னியுங்கள்.

பதுளைப் பக்கம் ஒரு தேயிலைத் தோட்டத்தில் பிறந்தவர்கள் அம்மா. தாயகம் திரும்பும் ஒப்பந்தப்படி எங்களோடு கப்பலேறி வந்து, கோத்தகிரி அருகே கொழுந்து பறித்தார்கள். அப்பா காலமான பின் ஆடு வளர்த்துத்தான் எங்களை ஆளாக்கினார்கள். நாங்கள் குடியிருந்த லயத்து வரிசை வீடுகளில் அம்மாவிடம் மட்டுமே கிடா இருந்தது. யார் ஆட்டைக் கொண்டு வந்தாலும் கூலி வாங்காமல் சேர்த்துவிடுவார்கள். அவ்வளவு தாராள மனசு.

முதலில் குட்டிகள் கறுப்பு, செவலை, புள்ளி என்று விதவிதமாகப் பிறந்தன. நெட்டையும் உண்டு, குட்டையும் உண்டு. போகப்போக எல்லாவற்றுக்கும் கிடாவைப் போலவே நெற்றியில் வெள்ளைப் பொட்டு. அம்மாவுக்குப் பெருமை தாங்கவில்லை. அப்புறம்தான் குட்டிகள் வளராமல் சூம்பத் தொடங்கின.

பக்கத்து வீட்டுச் செல்லாயி பெரியம்மாவுக்குப் பிள்ளையில்லை. அவர் கண்தான் பட்டது என்று லயமே பேசியது. அவர் வந்தால் பட்டியை மூடினார்கள். அம்மாவும் மூடினார்கள்.

ஊசி போட வந்த கால்நடை டாக்டர்தான் விளக்கினார்: “ஏனுங்கம்மா, இந்தக் கெடாவுக்குப் பொறந்ததையே திரும்ப இதுக்கே சேர்க்கறீங்க. ஒரே ரத்தம்னா எப்படிங்க வளரும்? வெளியூர்க் கெடா கொண்டாங்க.”

அம்மா மேட்டுப்பாளையத்திலிருந்து புதுக் கிடா வாங்கினார்கள். அதற்குள் பேச்சுத் தாங்காமல் பெரியம்மா தேவர்சோலைக்குப் போய்விட்டார். புதுக் குட்டிகள் மளமளவென்று வளர்ந்தன. “அந்தப் பொம்பள போனதும் குட்டி தேறிருச்சி” என்றது லயம். அம்மா வாயைத் திறக்கவில்லை. விஷயம் தெரிந்த நானும் திறக்கவில்லை.

கடைசிக் காலத்தில் அம்மாவை அது அரித்தது. ஒரு பெட்டைக் குட்டியோடு என்னையும் கூட்டிக்கொண்டு தேவர்சோலைக்குப் போய் எல்லாவற்றையும் சொன்னார்கள்.

பெரியம்மா குட்டியைத் தொடவில்லை. “இது எனக்கு எதுக்கு புள்ள? லயத்துல நாலு பேரு முன்னுக்குச் சொல்லிரு, அது போதும்.”

“சொல்றேன்க்கா” என்றார்கள் அம்மா. திரும்பும்போது பஸ்ஸில் அழுதார்கள். “இத்தன வருசம் என்னைய ராசிக்காரின்னாங்களே. எந்த மூஞ்சிய வச்சிக்கிட்டுச் சொல்லுவேன்?” சொல்லாமலே படுக்கையில் விழுந்தார்கள்.

அப்போது கஞ்சி காய்ச்சித் தந்த லயத்துப் பெண்களுக்கும், ஆஸ்பத்திரிக்குத் தூக்கிப்போன தம்பிகளுக்கும் எங்கள் குடும்பத்தின் நன்றி என்றும் உண்டு. உங்களில் பலர் அன்று பட்டியை மூடியவர்கள். குட்டிகள் சூம்பியது எங்கள் கிடாவால். செல்லாயி பெரியம்மாவின் கண்ணால் அல்ல.

பெரியம்மாவுக்கு வாசிக்கத் தெரியாது. நாளைக் காலை இந்த மலரோடு தேவர்சோலைக்குப் போய் நானே வாசித்துக் காட்டப்போகிறேன். என்னோடு வர நினைப்பவர்கள் வாருங்கள்.