சைலன்சரில் பனி

எங்கள் தெருவில் யார் பழைய டீசல் பிக்கப் வாங்கப் போனாலும் நாடியைக் கூட்டிக்கொண்டுதான் போவார்கள். அவருடைய உண்மையான பெயர் வாக்காளர் பட்டியலில் இருக்கிறது. அதைச் சொல்லிக் கூப்பிட்டால் அவரே திரும்பிப் பார்க்கமாட்டார். இளம் வயதிலேயே டீசல் பம்ப் பழுது பார்க்கும் பட்டறையில் சேர்ந்தவர். அங்கே இருந்த இரைச்சலில் இடது காது மந்தமாகிவிட்டது. அதன் பிறகு இன்ஜினைக் காதால் கேட்பதைவிட உள்ளங்கையால் கேட்பதே அவருக்குப் பழகிப்போயிற்று. நாடி பிடிக்கிறார் என்று பட்டறையில் யாரோ கேலி செய்தார்கள். அதுவே நிலைத்துவிட்டது.

வண்டி ஓடிய கிலோமீட்டர் கணக்கை அவர் ஏறெடுத்தும் பார்ப்பதில்லை. பளபளவென்று கழுவிய இன்ஜினைக் கண்டால் முகம் சுளிப்பார். "கசிவு தெரியக்கூடாதுன்னு குளிப்பாட்டி வெச்சிருக்காங்க" என்பார். அவருக்கு ஒரே ஒரு நிபந்தனைதான்: இரவு முழுவதும் நின்ற வண்டியை, ஆறிய இன்ஜினோடு காட்ட வேண்டும். ஆறிய இன்ஜின் முதல் தடவை எப்படிப் பற்றுகிறது என்பதில்தான் அதன் உடம்பு தெரியும். போனதும் கை வைப்பார். சூடாக இருந்தால் பேச்சே கிடையாது, திரும்பிவிடுவார்.

அவருடைய தங்கை சலவைக்கடை வைத்திருக்கிறாள். சென்ற குளிர்காலத்தில் ஓர் ஆஸ்பத்திரியின் படுக்கை விரிப்புகளைத் துவைத்துத் தரும் வேலை அவளுக்குக் கிடைத்தது. திங்கட்கிழமை முதல் மூட்டைகளை அவளே ஏற்றி வந்து, துவைத்துத் திருப்பித் தர வேண்டும். வண்டி இல்லையென்றால் வேலை அடுத்தவருக்குப் போய்விடும். அண்ணன் ஏற்கெனவே இரண்டு வண்டிகளை வேண்டாமென்று தள்ளியிருந்தார். மூன்றாவது, ஒரு நாற்றுப் பண்ணைக்காரருடையது. சனிக்கிழமை விடியற்காலை அதைப் பார்க்கப் பண்ணைக்காரர் வீட்டுக்கு அவர்களோடு நானும் போனேன்.

பானெட்டைத் தூக்கி இன்ஜின்மேல் கை வைத்த நாடி வெடுக்கென்று எடுத்துக்கொண்டார்.

"கிளம்பு."

"என்ன கிளம்பு? ஸ்டார்ட்கூடப் பண்ணலையே!" என்றாள் தங்கை.

"சுடுது. நாம வர்றதுக்கு முன்னாடியே ஓட்டி வெச்சிருக்காங்க."

"என் புள்ளைங்க மேல சத்தியமா நான் சாவியைத் தொடலைங்க!" என்றார் பண்ணைக்காரர்.

"அப்ப வண்டிக்குக் காய்ச்சலா?"

தங்கைக்குப் பொறுக்கவில்லை. "உன் கைக்கு எந்த வண்டியும் பிடிக்காதுண்ணா. திங்கட்கிழமை அத்தனை மூட்டையையும் நீ தலையில சுமந்துட்டு வருவியா?"

அவர் வாசலைப் பார்த்து நடந்தார். வண்டியின் பின்புறத்தைத் தாண்டும்போது நின்றார். குனிந்து சைலன்சர் குழாயைத் தொட்டார். குழாய் ஜில்லென்று இருந்தது. அதன் மேல் பனி முத்து முத்தாக நின்றது. மறுபடி முன்னால் போய் இன்ஜினைத் தொட்டார். திரும்பி வந்து குழாயைத் தொட்டார்.

"என்ன தேடறே? எதையாச்சும் தொலைச்சுட்டியா?"

"இன்ஜின் ஓடியிருந்தா இந்தக் குழாய் சுட்டிருக்கும். இதுல பனிகூடக் கலையலை. அப்ப சூடு எங்கேருந்து வந்தது?" அவர் குரலில் கோபம் போய் ஆவல் வந்திருந்தது.

பதில் சமையலறை வாசலிலிருந்து வந்தது. பண்ணைக்காரரின் மனைவி காலி அண்டாவுடன் நின்றிருந்தாள். "நான்தாங்க வெந்நீர் ஊத்தினேன். ராத்திரி ரேடியேட்டர் தண்ணியைத் திறந்து விட்டுட்டு, காலையில வெந்நீர் ஊத்தினாத்தான் இது எழுந்திருக்கும். குளிர்நாள்ல தினமும் இப்படித்தான்."

"உன்னை யாரு கேட்டா?" என்று பல்லைக் கடித்தார் கணவர்.

"நான் சொல்லலேன்னா உங்களைப் பொய்யன்னு சொல்லிட்டுப் போயிருப்பாங்க!"

நாடி தங்கையிடம் விளக்கினார். வெந்நீர் இல்லாமல் பற்றாததற்குக் காரணம் இரண்டில் ஒன்றாக இருக்கும். பிஸ்டன் வளையங்கள் தேய்ந்திருந்தால் வண்டியே வேண்டாம். குளிரில் உள்ளே சூடேற்றும் ஹீட்டர் பிளக்குகள் போயிருந்தால், அது சின்ன வேலை. எது என்று தெரிய, நிஜமாகவே ஆறிய இன்ஜின் வேண்டும்.

"நாளைக்கு வர்றோம். அண்டாவைக் கவுத்து வெச்சுடும்மா."

ஞாயிறு காலை சாவியைத் திருப்பியதும் இன்ஜின் இருமியது, பற்றவில்லை. தங்கையின் முகம் வாடிவிட்டது. நாடி சுறுசுறுப்பானார். பிளக்குகளைக் கழற்றி, ஒவ்வொன்றாக பேட்டரியில் இணைத்துப் பார்த்தார். நான்கில் ஒன்றுதான் சிவந்தது. கொண்டுவந்திருந்த புதியவற்றை மாட்டினார். இப்போது உடனே பற்றியது. வெள்ளைப் புகை கொஞ்சம் வந்து கலைந்தது. ஓடிக்கொண்டிருந்த இன்ஜினின் ஆயில் மூடியைக் கழற்றி, அதன் துளைமேலேயே தலைகீழாக வைத்தார். வளையங்கள் தேய்ந்திருந்தால் உள்ளிருந்து வரும் காற்று மூடியைத் தூக்கி எறிந்துவிடும். மூடி லேசாக நடுங்கியது. விழவில்லை.

"அப்ப இத்தனை நாளா நான் வெந்நீர் காய்ச்சினதெல்லாம் வீணா?" என்றாள் மனைவி.

"வண்டிக்கு வெந்நீர், எனக்குப் பச்சைத்தண்ணி. என் கதையை யாரு கேட்டா?" என்றார் பண்ணைக்காரர்.

தங்கை அதற்குள் ஓட்டுநர் இருக்கையில் ஏறிவிட்டாள். "இது எத்தனை வருஷம் உழைக்கும்ணா? அதை மட்டும் சொல்லு."

"அது தெரிஞ்சா நான் ஏன் கை வெச்சுப் பார்க்கறேன்? இன்னும் ஒரு ராத்திரி ஆறவிட்டு, நாளைக்கும் ஒரு தடவை..."

"நாளைக்குப் பார்த்தா மட்டும் வருஷம் தெரிஞ்சுடுமா? ஏறு."

பண்ணைக்காரரிடம் முன்பணத்தைக் கொடுத்துவிட்டு அவள் கியரைப் போட்டாள். நாடி பானெட்டை மூடிவிட்டு அவள் பக்கத்தில் ஏறினார். நான் பின்னால், காலி நாற்றுத் தட்டுகளுக்கு நடுவே உட்கார்ந்தேன். முச்சந்தியில் அவள் வீட்டுப் பக்கம் திரும்பவில்லை. நேராக ஆஸ்பத்திரிக்கு விட்டாள். சலவை மூட்டைகள் ஏற்றும் பின்வாசலுக்குள் வண்டி நுழையுமா என்று இன்றைக்கே பார்த்துவிட வேண்டுமாம்.