ஓட்டோ எங்கே இறங்கினான்?

பழைய காமிக்ஸ் கடையில் வேலை பார்ப்பவர் பாதி நேரம் தூசி தட்ட வேண்டும், மீதி நேரம் "இதையெல்லாம் யார் வாங்குவாங்க?" என்ற கேள்விக்குச் சிரித்து மழுப்ப வேண்டும். கவுண்டருக்குப் பின்னால் நின்று கால் கடுத்தவர்களே, உங்களுக்குத் தெரியாததா! தொண்ணூறுகளின் கடைசியில், டெக்சாஸ் மாநிலத்தில் கேட்டி என்ற ஊரில், கிரீன் கார்டு வந்ததும் நான் சேர்ந்த முதல் வேலை அதுதான்.

தோற்ற கட்சி

எனக்குப் பிடித்தது யுத்த காமிக்ஸ். அதிலும் இரண்டாம் உலகப் போரில் பறக்கும் ஓட்டோ லெம்கே என்ற ஜெர்மன் விமானியின் தொடர். பாராசூட்டில் குதித்த எதிரியைச் சுடமாட்டான்; சல்யூட் அடித்துவிட்டுப் போய்விடுவான். கோயிலில் பார்த்த பழக்கத்தில் கடைக்குள் எட்டிப் பார்த்த ராமநாதன் அங்கிள், அட்டையைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார்.

"ஏம்மா, எம்.எஸ்ஸி. படிச்சுட்டு, போயும் போயும் தோத்த கட்சிக்காரன் புக்கையா வித்துட்டிருக்கே?"

மேகம்

வால்டர் வாராவாரம் வருவார். எழுபதைத் தாண்டியவர், அந்த யுத்தத்தில் அமெரிக்க விமானம் ஓட்டியவர். ஓட்டோவைத் தவிர வேறு எதையும் தொடமாட்டார். எதிரியின் கதைமேல் அப்படி என்ன ஆசை என்று ஒருநாள் கேட்டேவிட்டேன். கண்ணாடிக் கதவுக்கு வெளியே, பார்க்கிங் லாட்டுக்கு மேலே, வெள்ளை மேகங்கள் அவசரமில்லாமல் போய்க்கொண்டிருந்தன. அவர் அவற்றையே பார்த்துக்கொண்டு சொன்னார்.

"நான் ஒருத்தனைச் சுட்டேன். புகையோட மேகத்துக்குள்ள போயிட்டான். உயிரோட இறங்கினானா இல்லையான்னு இன்னிக்கு வரைக்கும் தெரியாது."

பேக்கரிக் கதவு

தொடரின் கடைசி இதழ் எங்களிடம் இல்லை. அதற்கு முந்தையதில் ஓட்டோவும் எரியும் விமானத்தோடு ஒரு மேகத்துக்குள் போவான். ஆனால் முடிவு எனக்குத் தெரியுமே! ஈரோட்டு லெண்டிங் லைப்ரரியில் தமிழில் படித்தவளாயிற்றே. மேகம் விலகும். கீழே பனி மூடிய வயல். ஓட்டோ நொண்டிக்கொண்டே நடந்துபோய் ஒரு பேக்கரிக் கதவைத் தட்டுவான். மாவு ஒட்டிய கையோடு ஒரு பெண் திறப்பாள். சொல்லச் சொல்ல எனக்கே ரொட்டி வாசனை வந்தது. வால்டர் கண்ணை மூடிக்கொண்டு கேட்டார்.

"இன்னொரு தடவை சொல்லும்மா. கதவைத் தட்டறதுலேருந்து."

அசல்

ஒருநாள் முதலாளி டேவ் வாங்கி வந்த பழைய பெட்டியில் அந்தக் கடைசி இதழ் கிடைத்தது. ஆசையாகப் புரட்டினேன். மேகத்துக்குள் ஒரு பெரிய வெடிப்பு. அதோடு கதை முடிந்தது. வயலும் இல்லை, பேக்கரியும் இல்லை. அப்புறம்தான் உறைத்தது. எங்கள் லைப்ரரிக்காரர் கிழியாமல் இருக்க நாலைந்து காமிக்ஸைச் சேர்த்துத் தைத்து பைண்ட் பண்ணுவார். சில தாள்கள் கதை மாறிப் போய் உட்கார்ந்துவிடும். ஹெல்மெட் மாட்டிவிட்டால் எல்லா விமானிக்கும் ஒரே முகம்தானே? யாரோ ஒருவனுக்குத் திறந்த கதவை நான் ஓட்டோவுக்குத் திறந்துவிட்டிருக்கிறேன்.

இதழை ஒளித்துவிடலாமா என்றுகூட நினைத்தேன். மனசு கேட்கவில்லை. வால்டர் வந்ததும் கையில் கொடுத்து, பைண்டிங் கதையையும் சொன்னேன். அவர் கடைசிப் பக்கத்தை வெகுநேரம் பார்த்தார். பிறகு இதழை மூடி, என் பக்கமாகத் தள்ளினார்.

"உங்க ஊர் பைண்டர் தப்பு பண்ணலை. இங்கேதான் ஒரு பக்கம் விட்டுப்போச்சு."

அந்த இதழ் கடைசிவரை விலைபோகவில்லை. கையில் எடுத்தவர்களிடமெல்லாம் பேக்கரிக் கதையைச் சொல்லி வியாபாரத்தைக் கெடுத்த புண்ணியவதி நானேதான்.