அர்ச்சுனன் கட்சி கஸ்தூரி

கஸ்தூரிக்குக் கர்ணனைப் பிடிக்காமல் போனதற்கு, அவளுக்கு ஆறுதல் சொல்ல வந்தவர்கள்தான் காரணம். எழுபத்தைந்தாம் வருஷம் அவள் கணவன் ராஜமாணிக்கம் வேலூர் ஜெயிலுக்குப் போனபோது, கீழ்பென்னாத்தூரில் வீடு தேடி வந்தவர்கள் எல்லாரும் ஒரே பேச்சைத்தான் பேசினார்கள். "உன் வூட்டுக்காரன் கர்ணன்மா" என்றார்கள். கைக்குழந்தையை மடியில் போட்டுக்கொண்டு அவள் தலையை மட்டும் ஆட்டினாள்.

ராஜமாணிக்கம் தாய் தகப்பன் இல்லாதவன். திருவண்ணாமலையில் வேர்க்கடலை மண்டி வைத்திருந்த இராமலிங்கம் வீட்டுச் சோற்றில் வளர்ந்து, அவருக்கே லாரி ஓட்டியவன். ஒரு நாள் முதலாளியின் மகன் பரசுராமன், நான் கொஞ்சம் ஓட்டிப் பார்க்கிறேன் என்று ஸ்டியரிங்கைப் பிடித்தான். வேங்கிக்கால் அருகே ஒரு திருப்பத்தில், சைக்கிளில் வந்த சுப்பன் என்ற விவசாயி லாரியில் அடிபட்டு அங்கேயே உயிரை விட்டார். போலீஸ் வருவதற்குள் இராமலிங்கம் வந்துவிட்டார். அவர் வாய் திறந்து எதுவும் கேட்கவில்லை. ராஜமாணிக்கத்தின் முகத்தைப் பார்த்துக்கொண்டு நின்றார். வண்டியை ஓட்டியது நான்தான் என்று அவன் சொல்லிவிட்டான். கஸ்தூரியை ஒரு வார்த்தை கேட்க வேண்டும் என்று அவனுக்குத் தோன்றவே இல்லை.

கஸ்தூரி ஊர்ப் பால்வாடியில் டீச்சர். கோடையில் திரௌபதி அம்மன் கோயிலில் பாரதம் படிக்கிறபோது, பால்வாடி விட்டதும் குழந்தையைத் தூக்கிக்கொண்டு நேரே அங்கே போய் உட்கார்ந்துவிடுவாள். எல்லாரும் அம்மனுக்காகப் போனார்கள்; இவள் கர்ணன் யார் என்று தெரிந்துகொள்ளப் போனாள். புருஷனை அவனோடு சேர்த்துப் புகழ்கிறார்களே, அப்படி அவன் என்னதான் செய்தான் என்று பார்க்க வேண்டியிருந்தது.

அடுத்த வருஷத் திருவிழாவில் பட்டிமன்றம் வைத்தார்கள். வீரத்தில் சிறந்தவன் கர்ணனா, அர்ச்சுனனா என்பது தலைப்பு. அர்ச்சுனனுக்குப் பேச ஒத்துக்கொண்டவர் கடைசி நேரத்தில் காய்ச்சல் என்று ஆள் அனுப்பிவிட்டார். அந்தப் பக்கம் பேச வேறு யாரும் முன்வரவில்லை. கோயில் தர்மகர்த்தா சின்னசாமி கூட்டத்தில் இருந்த கஸ்தூரியைப் பார்த்தார். பிள்ளைகளுக்குத்தான் தினமும் கதை சொல்கிறாயே, ஏறிப் பேசிவிடு என்றார். குழந்தையைப் பக்கத்திலிருந்தவளிடம் கொடுத்துவிட்டு அவள் மேடை ஏறினாள்.

எதிர்க்கட்சியில் ஜவுளிக்கடை தருமன். பெயர்தான் தருமன், பேசுவதெல்லாம் கர்ணனுக்காக. உடம்போடு ஒட்டிப் பிறந்த கவசத்தை அறுத்துக் கொடுத்த இடத்தை அவர் சொன்னால், பெண்கள் முந்தானையால் கண்ணைத் துடைத்துக்கொள்வார்கள். கஸ்தூரிக்கு அழ வைக்கத் தெரியாது. விராட நாட்டு மாடுகளை மீட்டபோது கர்ணன் உட்பட எல்லாரையும் அர்ச்சுனன் ஒற்றை ஆளாக விரட்டியதைச் சொன்னாள். கந்தர்வர்கள் துரியோதனனைப் பிடித்துக் கட்டியபோது கர்ணன் களத்தை விட்டு ஓடியதையும், அப்போது வந்து மீட்டவர்களில் அர்ச்சுனன் இருந்ததையும் சொன்னாள். எல்லாம் பாரதத்தில் உள்ளதுதான். ஆனாலும் யாரும் கை தட்டவில்லை. நடுவர் கர்ணன் பக்கம் தீர்ப்புச் சொன்னார்.

அதிலிருந்து சுற்றுப்பட்டு ஊர்களில் பட்டிமன்றம் என்றால் அவளைக் கூப்பிட்டார்கள். தோற்கிற பக்கத்தைத் தட்டாமல் எடுத்துக்கொள்கிற ஆள் அவள் ஒருத்திதான். 'அர்ச்சுனன் கட்சி கஸ்தூரி' என்றே பெயர் நின்றுவிட்டது. ஒவ்வொரு மேடையிலும் தோற்றாள். கூட்டம் கலைந்த பிறகு தருமன் அவளிடம் வந்து, நல்லாப் பேசினம்மா என்பார். உண்மையாகவே சொல்வார், அவர் கெட்டவர் இல்லை.

ராஜமாணிக்கம் விடுதலையாகி வந்தபோது இராமலிங்கம் புது வேட்டி எடுத்துக் கொடுத்தார். லைசென்ஸ் போய்விட்டதால் மண்டியிலேயே மூட்டை தூக்க வைத்துக்கொண்டார். தெருவில் போனால் நாலு பேர் கும்பிட்டார்கள். வீட்டில் அவனும் அவளும் அந்தப் பேச்சை எடுப்பதே இல்லை. அவள் மேடையில் பேசுவது அவனுக்குத் தெரியும். கேட்க மட்டும் போனதில்லை.

எழுபத்தொன்பதில் திருவண்ணாமலையிலேயே ஒரு கோயில் திருவிழாவில் அதே தலைப்பு வந்தது. மண்டி வேலை முடிந்து, அவன் கூட்டத்தின் ஓரமாக வந்து உட்கார்ந்தான். தருமன் அவனைப் பார்த்துவிட்டார். செஞ்சோற்றுக் கடனைப் பற்றிப் பேசிக்கொண்டிருந்தவர் சட்டென்று கையை நீட்டி, "கர்ணன் இருந்தானான்னு சந்தேகப்படுறவங்க அங்க பாருங்க. நம்மூரு கர்ணன் உக்காந்திருக்காரு" என்றார். எல்லாரும் திரும்பிப் பார்த்துக் கை தட்டினார்கள். ராஜமாணிக்கம் தலையைக் குனிந்துகொண்டான்.

அடுத்து கஸ்தூரி பேச வேண்டும். மைக்குக்கு முன்னால் போய் நின்று, வழக்கமாகச் சொல்கிற விராட நாட்டுக் கதையை விட்டுவிட்டு, வீட்டில் பேசுகிற மாதிரியே பேசினாள்.

"அண்ணன் சொன்னது நெசந்தான். கர்ணன் செஞ்சோத்துக் கடனத் தீத்தான். சண்டைக்குப் போறப்ப பொண்டாட்டி பொன்னுருவி தடுக்குறத நீங்க எல்லாரும் கூத்துல பாத்திருப்பீங்க. அவன் கேக்கல. துரியோதனன் செய்யறது தப்புன்னு அவனுக்குத் தெரியும். தெரிஞ்சும், இது சரியான்னு அவன நிறுத்திக் கேக்கல. அர்ச்சுனன் ரெண்டு சேனைக்கும் நடுவுல வில்லக் கீழ போட்டுட்டு, இது நியாயமான்னு கேட்டான். பயந்துட்டான்னு ஊரே சிரிக்கும்னு தெரிஞ்சுதான் கேட்டான். உயிரக் குடுக்கறதுக்கு எவ்ளோ தைரியம் வேணுமோ, அவ்ளோ தைரியம் கேக்கறதுக்கும் வேணும். அதனால எனக்கு அவந்தான் வீரன்."

சொல்லிவிட்டு உட்கார்ந்துவிட்டாள். நடுவர் அன்றைக்கும் கர்ணனுக்குத்தான் தீர்ப்புச் சொன்னார்.

பஸ் ஸ்டாண்டுக்கு நடந்து போகும்போது ராஜமாணிக்கம் கேட்டான். "அன்னிக்கு நான் உன்ன ஒரு வார்த்தை கேட்டிருக்கணும், இல்ல?"

"என்னக் கேக்காம போனீங்க, அது போவட்டும்" என்றாள் கஸ்தூரி. "இது நியாயமான்னு மொதலாளியக் கேட்டிருக்கலாம்."

மறுநாள் காலை மண்டிக்குப் போனவன் இராமலிங்கத்தின் முன்னால் போய் நின்று, சுப்பன் வீட்டுக்குப் பரசுராமன் தம்பி ஒரு தடவையாவது போய்ப் பார்த்தாரா என்று கேட்டான். இராமலிங்கம் அவனைப் பார்க்காமல் மூட்டைகள் பக்கம் திரும்பி, வேலூர் லோடு ஏறிவிட்டதா என்றார். ராஜமாணிக்கம் மூட்டைகள் பக்கம் போகவில்லை. தோளில் துண்டைப் போட்டுக்கொண்டு வெளியே வந்தான். சாப்பிட்ட சோற்றை மறந்தவன் என்று அவர் பின்னால் சொன்னது அவன் காதில் விழுந்தது. அழுகை வந்ததாக அவனே கஸ்தூரியிடம் சொன்னான்.

அன்று மாலை இரண்டு பேருமாகச் சுப்பனின் மனைவி காசியம்மாளைத் தேடிப் போனார்கள். அவள் வாசலில் மாட்டுக்குத் தண்ணீர் காட்டிக்கொண்டிருந்தாள். ராஜமாணிக்கம் தன் பெயரைச் சொன்னான். இரண்டு கையையும் கட்டிக்கொண்டு, திக்கித் திக்கி ஒரே வாக்கியத்தை மறுபடி மறுபடி ஆரம்பித்தான். பக்கத்தில் நின்ற கஸ்தூரிக்கு அவன் மேல் இத்தனை வருஷம் இருந்த கோபம் அந்த இடத்தில் கரைந்துபோனது. கர்ணன் மேலும் அவளுக்கு அன்றுதான் இரக்கம் வந்தது.

"நீ ஓட்டலன்னு அப்பவே சொன்னாங்கப்பா" என்றாள் காசியம்மாள். "ஓட்டினவன் வருவான்னு பாத்தேன். வரல. உள்ள வாங்க ரெண்டு பேரும்."

பரசுராமன் கடைசிவரை காசியம்மாள் வீட்டுக்குப் போகவில்லை. ராஜமாணிக்கம் கீழ்பென்னாத்தூரில் விளைச்சலில் பங்கு கொடுக்கிற வாரத்துக்கு நிலம் எடுத்து நெல்லும் கடலையும் போட்டான். தெருவில் கும்பிடுகிறவர்கள் கம்மியாகிவிட்டார்கள். ஆடியில் காசியம்மாளின் மானாவாரிக் கொல்லைக்கும் அவனே ஏர் கட்டிப் போவான்; அவள் ஊற்றும் கூழை வரப்பில் உட்கார்ந்து குடிப்பான்.

எண்பதுகளிலும் கஸ்தூரியைக் கூப்பிட்டுக்கொண்டுதான் இருந்தார்கள். இப்போது அவள் கர்ணனைத் திட்டுவதில்லை. கந்தர்வர்களிடம் தோற்று ஓடிய கதையைச் சொல்வதையும் விட்டுவிட்டாள். அவன் நல்லவன், துரியோதனனைக் கேள் என்று அவனிடம் சொல்ல ஒரு ஆள் இல்லை என்று மட்டும் சொல்லிவிட்டு அர்ச்சுனன் பக்கம் போவாள். கூட்டத்தில் பெண்கள் இருக்கிற பக்கத்திலிருந்து சில ஊர்களில் கைதட்டல் வரும். தீர்ப்பு என்னவோ பெரும்பாலும் தருமனுக்குத்தான்.