நிலவறை கேட்ட விலாசம்

மரியமலருக்குப் பேய்களில் நம்பிக்கை கிடையாது. ஆனால் பாரிஸின் லா ஷப்பல் பகுதியில் அவள் பார்த்துக்கொள்ளும் கடைகளின் கணினிப் பெட்டி ஒவ்வொன்றுக்குள்ளும், கம்பிகளுக்குப் பின்னால், விரல் நீளத்தில் ஒரு மாதா படம் ஒட்டியிருக்கும். கேட்டால், "பசை நல்லா பிடிக்குதான்னு பாக்க ஒட்டினது" என்பாள். பசைக்கும் கணினிக்கும் என்ன சம்பந்தம் என்று யாரும் மேற்கொண்டு கேட்டதில்லை. பழுது பார்ப்பவளைக் குறுக்கு விசாரணை செய்தால் அடுத்த தடவை வரமாட்டாள் என்ற பயம்.

புதுச்சேரிக்காரி. ஒரு காப்பீட்டு அலுவலகத்தில் பாதி ஆயுளைக் கழித்துவிட்டு, ஐம்பது வயதில், இனி யாருக்கும் 'போன்ழூர்' சொல்லத் தேவையில்லாத ஒரு தொழில் வேண்டும் என்று தனியாகத் தொடங்கினாள். இந்தத் தெருவில் காலையிலிருந்து இரவு வரை வணக்கம் சொல்லிக்கொண்டே இருக்க வேண்டும் என்பது பிறகுதான் தெரிந்தது. மளிகைக் கடை, நகைக் கடை, சலூன் என்று எல்லாவற்றின் வலையமைப்பையும் கட்டிக் காப்பது அவள் வேலை. பேசாத இயந்திரங்களைப் பேச வைப்பதில் கைராசிக்காரி என்று பெயர். அவளோ போனை எடுக்கமாட்டாள். புறநகரான சார்செலில் தனியாக இருக்கிறாள். லியோனிலிருந்து மகள் மனோன் அழைத்தால், இரண்டு நாள் கழித்து "கூப்பிட்டியா?" என்று ஒரு செய்தி போகும். மகளிடமிருந்து பிரெஞ்சில் ஒற்றைச் சொல் பதில் வரும். இரண்டு பேருக்கும் அது வசதியாகவே இருந்தது.

அதனால்தான் அருட்பிரகாசம் அவளைத் தேடிக் காப்பிக் கடைக்கு நேரிலேயே வர வேண்டியதாயிற்று. அந்தத் தெருவின் பெரிய மளிகைக் கடைகளில் ஒன்று அவருடையது. முருங்கைக்காயிலிருந்து உறைந்த பாரை மீன் வரை எல்லாம் இருக்கும்.

"பிள்ளை, போன கிழமை கடையிலை என்ன செய்துவிட்டுப் போனனீர்?"

"நீங்க கேட்டதத்தான் செஞ்சேன், முசியே. கீழ கவ்ல, நிலவறைல, இருக்கிற மெஷின் எதுக்கும் விலாசம் கிடைக்கலைன்னீங்க. கிடைக்க வச்சேன்."

"கிடைச்சிட்டுது. வேண்டாத ஆளுக்கும் சேர்த்துக் கிடைச்சிட்டுது." அவர் நாற்காலியை அருகே இழுத்தார். "செத்த மனுசன் மெசேஜ் அனுப்புறார்."

மரியமலர் காப்பியைக் கீழே வைக்கவில்லை. ஆனால் குடிக்கவும் இல்லை.

அவள் போன வாரம் செய்தது மிகச் சாதாரணமான வேலை. கண் விழிக்கும் ஓர் இயந்திரத்துக்கு வலையமைப்பில் தன் விலாசம் தெரியாது, யாரிடம் கேட்பது என்றும் தெரியாது. ஆகவே அது, 'யாராவது எனக்கொரு விலாசம் கொடுங்கள்' என்று பொதுவாகக் கூவும். அந்தக் கூவல் அது இருக்கும் வலையைத் தாண்டாது. தாண்டினால் கட்டடம் முழுக்க ஒரே இரைச்சலாகிவிடும் என்று அப்படி வைத்திருக்கிறார்கள். கடையில் இரண்டு வலைகள்: மேலே கல்லாப் பெட்டிகளுக்கு ஒன்று, கீழே நிலவறைக்கு ஒன்று. விலாசம் கொடுக்கும் பெட்டி மேலே மட்டும்தான். கீழே இருப்பவை எத்தனை கூவினாலும் படியேறிக் கேட்காது. மரியமலர் இரண்டுக்கும் நடுவே ஒரு ரிலேயை நிறுத்தினாள். அது வாசலில் நின்று கீழ்க் கூவலைக் கேட்கும். 'இது நிலவறையிலிருந்து வந்தது' என்று ஓரத்தில் குறித்து மேலே கொண்டுபோய்க் கொடுக்கும். பதிலை அதே வழியில் திருப்பிக் கொண்டுவரும். அரை மணி நேர வேலை. பிரார்த்தனைகளைக் கொண்டுபோவதற்கும் இதே ஏற்பாடுதான் என்று அவள் ஒரு முறை பாதிரியாரிடம் சொல்லி, அவர் சிரிக்காததால் விட்டுவிட்டாள்.

கடைக்குப் போனபோது ரூட்டரைப் பார்த்து அவளுக்கு உண்மையிலேயே கோபம் வந்தது. மேலே எலுமிச்சம்பழமும் மிளகாயும் தொங்கின. காற்றுப் போகும் துளைகளில் திருநீறு அப்பியிருந்தது.

"யாரு பூசினது?"

"ஐயரைக் கூப்பிட்டனான்" என்றார் அருட்பிரகாசம், கொஞ்சம் வெட்கத்தோடு.

"ஐயர் வந்து மூச்ச அடைச்சிட்டுப் போயிருக்கார். இன்னும் ரெண்டு நாள்ல இதுவும் ஆவியாயிடும்."

சொன்ன பிறகுதான் கல்லாவில் யோகராணி இருப்பதை அவள் கவனித்தாள். உதயனின் மனைவி. உதயன் இந்தக் கடையின் நிலவறையைப் பார்த்துக்கொண்டவர். இரண்டு வருடத்துக்கு முன்னால் ஒரு வெள்ளிக்கிழமை மத்தியானம், மேலே கடை நிறைய ஆட்கள் நின்ற நேரம், கீழே குளிரறை வாசலில் விழுந்துகிடந்தார். மாரடைப்பு. அவர் தலைக்கு நேர் மேலே, இதே கல்லாவில், யோகராணி யாருக்கோ மிச்சச் சில்லறை எண்ணிக்கொண்டிருந்தாள். மரியமலர் அவரைப் பார்த்ததில்லை. அவள் இந்தக் கடைக்கு வரத் தொடங்கியது அதற்கு அப்புறம்தான்.

யோகராணி போனை நீட்டினாள். அனுப்பியவர் பெயர் இல்லை, ஒரு குட்டை எண் மட்டும். ஒவ்வொரு நாள் காலையும் ஒரே செய்தி: *இஞ்சாரும், ஒருக்கா கீழை வாரும்.*

"இஞ்சாரும்னா?"

"அவர் என்னைப் பேர் சொல்லிக் கூப்பிட்டதில்லை, தங்கச்சி. இப்பிடித்தான் கூப்பிடுவார். இந்த உலகத்திலை வேறை ஒருத்தரும் என்னை இப்பிடிக் கூப்பிடேலாது."

"வந்ததும் என்ன செய்வீங்க?"

"என்ன செய்யிறது? கூப்பிடுறார், போறன். குளிரறை வாசல்லை கொஞ்ச நேரம் நிக்கிறன். பிறகு வேலை கிடக்கெண்டு மேலை வாறன்."

"ஒவ்வொரு நாளுமா?"

"கலியாணம் கட்டி முப்பது வரியத்திலை அவர் கூப்பிட்டு நான் முதல் கூப்பிடலிலை போனதில்லை. இப்ப போறன்."

அருட்பிரகாசம் மரியமலரை ஒதுக்குப்புறமாகக் கூட்டிக்கொண்டு போனார். "இதை நிப்பாட்டும் பிள்ளை. வேலைக்கு நிக்கிற பெடியள் கீழை போக மாட்டாங்களாம். மீன் எடுக்கிறதுக்கும் இவவைத்தான் அனுப்புறாங்கள். நாளைக்கு இவவுக்கும் ஒண்டு நடந்துதெண்டால்?"

நிறுத்துவது சுலபம். ரிலேயை எடுத்துவிட்டால் கீழே யார் கூவினாலும் கேட்காது. ஆனால் மரியமலருக்கு ஒரு குணம் உண்டு: தனக்குப் புரியாத எதையும் அவள் அணைக்கமாட்டாள். மேல் பெட்டியின் திரையைத் திறந்தாள். விலாசம் வாங்கியவர்களின் வரிசையில் மீன் எடைபோடும் கருவிக்கும் அட்டைக் கருவிக்கும் நடுவில் ஒரு பெயர் இருந்தது: uthayan. போன வாரமே பார்த்திருந்தாள். வேலைக்கு வரும் யாருடையதோ போன் என்று விட்டுவிட்டாள். ஓரத்தில் ரிலேயின் குறிப்பு: நிலவறை. செத்தவர்கள் பேசினால் மேலேயிருந்து பேசுவார்கள் என்றுதான் ஞாயிற்றுக்கிழமைகளில் அவளுக்குச் சொல்லப்பட்டிருந்தது.

அவள் கீழே இறங்கினாள். கூட வர அருட்பிரகாசத்துக்குத் திடீரென்று மேலே ஏதோ வேலை வந்தது.

நிலவறையில் பாசியும் கருவாடும் கலந்த வாடை. குளிரறையின் இயந்திரம் யாரோ பல்லைக் கடித்துக்கொண்டு மூச்சுவிடுவது போல ஓடியது. அவள் சுவரையும் குழாய்களையும் தடவிக்கொண்டே போனாள். பிடரி கூசியது. நம்பிக்கை இல்லாதவர்களுக்கும் பிடரி உண்டு. குளிரறைக் கதவுக்குப் பக்கத்தில், இடுப்பு உயரத்துக்கும் கீழே, ஒரு குழாயின் பின்னால் அது இருந்தது: சோப்புப் பெட்டி அளவு பிளாஸ்டிக் பெட்டி, ஒரு சிவப்புப் பொத்தான், ஒரு பச்சைப் பொத்தான். ஒட்டிய நாடாவில் பேனாவால் எழுதியிருந்தது. சிவப்புக்குக் கீழே 'கூப்பிடு'. பச்சைக்குக் கீழே 'வந்திட்டன்'. நடுவில் ஒரு சிறு விளக்கு விட்டு விட்டு மின்னிக்கொண்டிருந்தது.

அவளுக்குப் பத்து நிமிடத்தில் எல்லாம் புரிந்தது. புரிந்தும் அவளுக்கு நிம்மதி வரவில்லை. பொழுதுபோக்காக மின்கருவி செய்பவர்கள் வாங்கும் சின்ன மின்சுற்று அட்டை அது. சிவப்பை அமுக்கினால் யோகராணியின் போனுக்குச் செய்தி போக வேண்டும். பச்சையை அமுக்கும்வரை அழைப்பை அது நினைவில் வைத்திருக்கும். மின்சாரம் போனாலும் மறக்காது. இரவில் நிலவறையின் மின்சாரத்தை அணைப்பார்கள், காலையில் போடுவார்கள். ஒவ்வொரு காலையும் அது விழித்து, விலாசம் கேட்டுக் கூவி, பதில் கிடைக்காமல் இரண்டு வருடம் அப்படியே கிடந்திருக்கிறது. மரியமலர் ரிலேயை வைத்த பிறகுதான் அந்தக் கூவல் முதன்முதலாகப் படியேறியது; விலாசம் கிடைத்ததும், தேங்கிக் கிடந்த அழைப்பு யோகராணியின் போனுக்குப் போயிருக்கிறது.

ஏன் அவ்வளவு தாழ்வாக வைத்தார் என்று அவள் கொஞ்ச நேரம் யோசித்தாள். விழுந்து கிடப்பவனுக்கு எட்டும் உயரம் அது. யோசித்ததை உடனே நிறுத்தினாள்.

பின்னால் படியில் செருப்புச் சத்தம். யோகராணி. மரியமலர் விலகினாள். யோகராணி குந்தியிருந்து பெட்டியைப் பார்த்தாள். எழுத்தை விரலால் தொட்டாள்.

"அவரின்ரை கையெழுத்துதான். 'கூ'வுக்குக் கால் இப்பிடித்தான் இழுப்பார்." பிறகு, "இது என்னத்துக்கு?"

மரியமலர் சொன்னாள். முடிந்தவரை வறட்சியாக, இயந்திரத்தைப் பற்றி மட்டும் சொன்னாள். யோகராணி கடைசிவரை கேட்டாள்.

"அப்ப நெஞ்சு நோகுதெண்டு அவருக்குத் தெரிஞ்சிருக்கு."

"அப்படித்தான் தோணுது, அக்கா."

"எனக்கொரு சொல்லுச் சொல்லேல்லை. பெட்டி செய்யத் தெரிஞ்சிருக்கு!" சிரிப்பு மாதிரி ஒன்று வந்து பாதியில் நின்றது. "அண்டைக்கு இதை அமத்தினவரோ?"

இந்தக் கேள்வி வரும் என்று மரியமலருக்குத் தெரியும். படியிறங்கும்போதே தெரிந்ததுபோல இருந்தது.

"தெரியாது. வலை கிடைக்காத பெட்டிக்குத் தேதி தெரியாது. வச்ச அன்னிக்கு, வேலை செய்யுதான்னு அமுக்கிப் பாத்திருக்கலாம். மேல போகலைன்னு அப்படியே விட்டிருக்கலாம்."

"இல்லாட்டி?"

மரியமலர் பையிலிருந்து ஒரு கேபிளை எடுத்தாள். "எத்தனை தடவை அமுக்கினாருன்னு உள்ள இருக்கும். இதைச் செருகினா பாக்கலாம். ஒரு தடவைன்னா..." ஒரு தடவை என்றால் சோதனை. பல தடவை என்றால் என்ன என்பதை இரண்டு பெண்களும் அந்தக் குளிரில் நின்றபடி தனித்தனியே யோசித்தார்கள். "பச்சையை அமுக்கினா எல்லாம் அழிஞ்சிடும். அப்புறம் யாராலயும் பாக்க முடியாது. அவர் கூப்பிடுறதும் நின்னுடும்."

யோகராணி கேபிளைப் பார்த்தாள், பொத்தானைப் பார்த்தாள். மேலே யாரோ கல்லாவில் மணியடித்தார்கள். இன்னொரு முறை அடித்தார்கள். அவள் திரும்பவில்லை.

"எண்ணிப் பாத்து என்ன செய்யிறது, தங்கச்சி? ஒருக்காக் கூப்பிட்டாலும் பத்துத்தரம் கூப்பிட்டாலும் மறுமொழி ஒண்டுதானே."

பச்சையை அமுக்கினாள். விளக்கு அணைந்தது. "வந்திட்டனப்பா" என்றாள், சுவரைப் பார்த்து, கொஞ்சம் சத்தமாகவே. குளிரறைக்குள்ளே ஏதோ டக் என்று நின்று, மறுபடி ஓடத் தொடங்கியது. அது குளிரூட்டி வழக்கமாகச் செய்வதுதான். மரியமலர் கேபிளைச் சுற்றிப் பைக்குள் வைத்தாள். யோகராணி படியேறிப்போய், "ஆர் அடுத்த ஆள்?" என்று கேட்பது கீழே கேட்டது.

பெட்டியைக் கழற்றச் சொன்னார் அருட்பிரகாசம். இனி அது ஒன்றும் செய்யாது, கழற்றினால்தான் ஆபத்து என்று மரியமலர் ஒரு பொய் சொன்னாள். எந்த ஆபத்து என்று அவர் கேட்கவில்லை. திருநீற்றை மட்டும் தூரிகையால் சுத்தம் செய்துவிட்டு, எலுமிச்சம்பழத்தை இருக்கவிட்டாள்.

இப்போதும் சார்செலில் காலையில் எழுந்ததும், காப்பிக்கு முன்னால், அந்தக் கடையின் திரையைத்தான் திறக்கிறாள். நிலவறை விழிக்கிறது. uthayan விலாசம் கேட்கிறது. ரிலே மேலே கொண்டுபோகிறது, விலாசம் கிடைக்கிறது. அதற்குப்பின் அந்தப் பெட்டிக்குச் சொல்ல ஒன்றுமில்லை. அவள் திரையை மூடாமல் கொஞ்ச நேரம் காத்திருக்கிறாள். எதற்கு என்று கேட்டால் பசையைப் பற்றி ஏதாவது சொல்வாள். போனை அவள் இன்னும் எடுப்பதில்லை. ஆனால் அடிக்கும்போது யாரென்று பார்க்கிறாள்.

செய்தி நின்ற பிறகும் யோகராணி தினமும் காலையில் கீழே போகிறாள் என்று அருட்பிரகாசம் முறையிட்டார். மரியமலர் கடையில் இருந்த ஒரு நாள் அவர் யோகராணியிடம் நேராகவே கேட்டுவிட்டார்: "இப்பதான் ஒருத்தரும் கூப்பிடேல்லையே, பிள்ளை. என்னத்துக்கு இறங்குறீர்?"

யோகராணி கல்லாவைப் பூட்டிச் சாவியை இடுப்பில் செருகினாள்.

"கூப்பிட்டால்தான் போகவேணுமோ?" என்று சொல்லிவிட்டு, சேலையை ஒரு கையால் தூக்கிப் பிடித்துக்கொண்டு, படியிறங்கினாள்.